கடைசி மூன்று நாள் பெட்டியைத் திறக்காதீங்க!

வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றுத் தோட்டத்துக்கு வந்த முதல் வருடம், தெர்மாகோல் பெட்டி, பல்பு, சின்ன ஃபேன், தெர்மோஸ்டாட் எல்லாம் வாங்கி நானே ஒரு இன்குபேட்டர் செய்தேன். 20 நாட்டுக்கோழி முட்டை வைத்தேன். பொரித்தது 6. கரு கூடாதது 5. மீதி 9 முட்டையை உடைத்துப் பார்த்தால், முழுசாக வளர்ந்த குஞ்சு உள்ளேயே செத்துக் கிடந்தது. மனசே ஆறவில்லை. அதே நேரம் வீட்டம்மா கூடையில் வைக்கோல் போட்டு அடை வைத்த கோழி, 11 முட்டையில் 10 பொரித்துவிட்டது.

பழைய பழக்கத்தில் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கடைசி மூன்று நாளில் மட்டும் 17 தடவை பெட்டியைத் திறந்திருக்கிறேன்! "கோழி கடைசி மூணு நாள் கூடையை விட்டு எந்திரிச்சுதா பாத்தீங்களா?" என்றார் வீட்டம்மா. அதுதான் விஷயம்.

குஞ்சு ஓட்டை உடைக்கும் நேரத்தில் பெட்டிக்குள் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருக்க வேண்டும். திறந்தால் ஈரக்காற்று வெளியேறிவிடும். ஓட்டுக்கு உள்ளே இருக்கும் சவ்வு காய்ந்து, குஞ்சைத் திரும்பவிடாமல் இறுக்கிவிடும்.

இப்போது நான் செய்வது இதுதான்:

● சேவலோடு திரியும் கோழியின் முட்டை, இட்டு 7 நாளுக்குள் வைக்க வேண்டும். கழுவக் கூடாது, மேலே உள்ள இயற்கைப் பூச்சு போய்விடும். கூர்முனை கீழே இருக்கும்படி வைத்துச் சேமிக்கவும்.

● வெப்பம் 37.5 டிகிரி. முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் போதும்.

● தினமும் 3 அல்லது 5 தடவை முட்டையைத் திருப்பவும். ஒரு பக்கம் பென்சிலால் குறி போட்டுக்கொண்டால் குழப்பம் வராது.

● 7ஆம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி ரத்த நாளம் தெரிந்தால் கரு கூடியிருக்கிறது. வெறுமையாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம்.

● 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, தண்ணீர்க் கிண்ணம் இன்னொன்று வைத்து மூடிவிடவும்.

● கரன்ட் போனால் பதற வேண்டாம். பெட்டியைச் சாக்கு, போர்வை போட்டு மூடுங்கள். காற்றுத் துளையை மட்டும் விட்டுவிடுங்கள்.

21ஆம் நாள் ஓட்டில் சின்னக் கீறல் தெரியும். அதிலிருந்து குஞ்சு வெளிவர 12, சில சமயம் 24 மணி நேரம்கூட ஆகும். பாவம் என்று ஓட்டை உரித்துவிடாதீங்க. நான் உரித்த இரண்டும் ரத்தம் கசிந்து செத்துப்போச்சு. வெளியே வந்த குஞ்சுக்கும் அவசரமில்லை. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு ஒரு நாளுக்கு மேல் தாங்கும். ஈரம் காய்ந்தபின் எடுத்தால் போதும்.

அதே பெட்டியில் அடுத்த முறை 20க்கு 15 பொரித்தது. ஆனாலும் அடைக்கோழி கிடைத்தால் நான் பெட்டியைத் தொடுவதில்லை. அதற்குக் கரன்ட் வேண்டாம், நோட்டும் வேண்டாம்.