நாற்காலியில் அமர்ந்தும் களம் காணலாம்

தென்னையும் பனையும் நிறைந்த பூதப்பாண்டி வட்டாரத்தில், மரத்திலிருந்து தவறி விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு நாங்கள் சிகிச்சை அளிக்க நேர்கிறது. குடும்பத்தார் முதலில் கேட்பது, "இனி நடப்பாரா, டாக்டர்?" என்பதே. தண்டுவடம் முழுமையாகச் சேதமுற்றிருந்தால், நடப்பது அரிது என்ற உண்மையை நாங்கள் மறைப்பதில்லை. ஆனால் பேச்சு அத்துடன் முடிந்துவிடலாகாது. நடக்க இயலாதவரால் வேறு என்னென்ன இயலும் என்பதே அடுத்த கேள்வி. அதற்கான விடைகளுள் ஒன்று சக்கர நாற்காலிக் கூடைப்பந்து.

இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற அமெரிக்க வீரர்களிடையே, 1940களில் இவ்விளையாட்டு வளர்ந்தது. 1960இல் ரோம் நகரில் நடைபெற்ற முதல் பாராலிம்பிக் போட்டியிலேயே இடம்பெற்றது. நம் நாட்டில், இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட மாதவி லதா முன்னின்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2014இல் இதற்கெனக் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கினார்.

கூடையின் உயரம் எல்லோருக்கும் உள்ள அதே 3.05 மீட்டர்தான். பந்தை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை இருமுறை தள்ளலாம். மூன்றாம் முறை தள்ளுமுன் பந்தைத் தரையில் தட்டவோ, பிறருக்கு வழங்கவோ, கூடையை நோக்கி எறியவோ வேண்டும். உடல் இயக்கத் திறனுக்கேற்ப ஒவ்வொருவருக்கும் 1.0 முதல் 4.5 வரை புள்ளி உண்டு. சர்வதேசப் போட்டிகளில், களத்திலுள்ள ஐவரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டலாகாது. ஆகவே, இயக்கம் மிகக் குறைந்தவருக்கும் அணியில் இன்றியமையாத இடமுண்டு.

தொடர்ந்து பயில்வதால் தோளும் கையும் வலுப்பெறுகின்றன, இதயம் பயனடைகிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறும் ஆற்றல் கூடுகிறது. வீட்டுக்குள் ஒடுங்கிய மனமும் வெளியே வருகிறது.

சில எச்சரிக்கைகள் தேவை. மருத்துவரிடம் காட்டிய பின்னரே தொடங்குக. படுக்கைப்புண் இருந்தால் ஆறும்வரை விளையாட வேண்டா. உட்காரும் இடத்தில் தோல் சிவந்துள்ளதா என்று ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பாருங்கள். பாதிப்பு மார்பளவிலோ அதற்கு மேலோ இருப்பின் வியர்வை குறையும். உடல் எளிதில் சூடேறும். எனவே காலையிலோ மாலையிலோ விளையாடுவதே நன்று. இவர்களுக்குத் திடீரெனக் கடுந்தலைவலியும் முகத்தில் வியர்வையும் தோன்றினால் ஆட்டத்தை நிறுத்தி, நிமிர்ந்து உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். சிறுநீர்க்குழாய் மடங்கியுள்ளதா என்று பார்த்து, உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அன்பு மிகுதியால் நாற்காலியை எப்போதும் நீங்களே தள்ளாதீர்கள். அவர் தாமே தள்ளட்டும், களைத்தால் ஓய்வெடுக்கட்டும். வீட்டு முற்றமும் ஒரு பந்தும் போதும், தொடங்குவதற்கு. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, "எப்போது விளையாடலாம்?" என்று அவரே எங்களிடம் கேட்கட்டும்.