நாற்காலி வாங்குமுன் உடலை அளந்துகொள்வோம்

முதுகெலும்பு வட்டுக்கான அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதங்கள் நலமாக இருந்த அம்மையார் ஒருவர், அண்மையில் எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு மீண்டும் வந்தார். கணக்கு எழுதும் வேலையை வீட்டிலிருந்தபடியே செய்பவர் அவர். வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரத்தில் இடுப்பு வலி தொடங்கியது. பிற்பகலில் கெண்டைக்கால்கள் மரத்தன. "அறுவை சிகிச்சை பலிக்கவில்லையோ, இன்னொரு முறை படுக்க வேண்டுமோ" என்ற அச்சத்துடன்தான் அவரும் அவருடைய மகனும் எங்கள் முன் அமர்ந்தார்கள்.

மருத்துவர் சோதித்துப் பார்த்தார். அறுவை செய்த இடத்தில் குறை எதுவும் இல்லை. பிறகு அவர் வேலை செய்யும் இடத்தின் புகைப்படத்தைக் கேட்டோம். தாய்க்கு வசதியாக இருக்கட்டும் என்று மகன் இணையத்தில் தேடி வாங்கிக் கொடுத்த விலையுயர்ந்த சுழல் நாற்காலி படத்தில் இருந்தது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அது உயரமானவர்களுக்குரிய நாற்காலி. அம்மையாரின் உயரம் ஐந்தடி. அவருடைய முழங்கால் மடிப்பு தரையிலிருந்து 38 செ.மீ. உயரத்தில் இருந்தது, நாற்காலியின் இருக்கையோ, முழுவதும் தாழ்த்திய பின்னரும் 46 செ.மீ. உயரத்தில் நின்றது. பாதங்கள் தரையைத் தொடவில்லை. இருக்கையின் ஆழமும் மிகுதி. முதுகைச் சாய்த்தால் கால்கள் நீண்டு தொங்கின. கால்களை ஊன்றினால் முதுகுக்குச் சாய்மானம் இல்லை. எனவே இருக்கையின் முன்விளிம்பிலேயே நாள் முழுவதும் குனிந்து அமர்ந்திருந்தார். நாற்காலியைத் திருப்பி அனுப்பும் காலக்கெடுவும் கடந்துவிட்டிருந்தது.

இப்படி வருவோர் பலரை நாங்கள் பார்க்கிறோம். அன்போடும் அக்கறையோடும் வாங்கப்படும் அறைகலன்கள், அளவு பொருந்தாத ஒரே காரணத்தால் வலிக்குக் காரணமாகிவிடுகின்றன. கடையில் என்றால் அமர்ந்து பார்த்து வாங்கலாம். இணையத்தில் அமர்ந்து பார்க்க முடியாது. ஆகவே அளந்து பார்த்து வாங்க வேண்டும். அதற்கான வழிமுறைகளை இவ்விதழில் விளக்குகிறோம்.

முதலில் அளக்க வேண்டியவை

தையற்காரர் பயன்படுத்தும் அளவுநாடா ஒன்று போதும். யார் அந்த நாற்காலியில் அமரப் போகிறாரோ அவரை, கெட்டியான, சமமான இருக்கை ஒன்றில் நிமிர்ந்து அமரச் செய்யுங்கள். பாதங்கள் எட்டாவிட்டால் கீழே புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேற்பரப்பையே தரையாகக் கொண்டு அளக்கலாம். வீட்டில் வழக்கமாக அணியும் காலணியுடன் அளப்பது நல்லது. அளவை உடன் இருப்பவர் எடுக்கட்டும். நோயாளி தாமே குனிந்து எடுக்க வேண்டாம்.

1. முழங்கால் உயரம்: தரையிலிருந்து முழங்காலின் பின்புற மடிப்பு வரை. நாற்காலி இருக்கையின் மிகக் குறைந்த உயரம் இதைவிட அதிகமாக இருத்தல் கூடாது.

2. தொடை நீளம்: முதுகு சுவரைத் தொட அமர்ந்து, சுவரிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை. இதிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. கழித்தால் கிடைப்பதே உங்களுக்கு ஏற்ற இருக்கை ஆழம். அமர்ந்த பின் இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் நுழைய வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் அங்குள்ள இரத்த நாளங்களும் நரம்புகளும் அழுத்தப்படும்.

3. முழங்கை உயரம்: தோள்களைத் தளர்த்தி, கையைச் செங்கோணமாக மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை. விசைப்பலகை இருக்க வேண்டிய உயரம் இதுவே.

4. இடுப்பு அகலம்: அமர்ந்த நிலையில் உடல் மிக அகன்றிருக்கும் இடம். இருக்கை இதைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும்.

5. உடல் எடை: நாற்காலி தாங்கும் எடை விற்பனைப் பக்கத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அது உங்கள் எடையைவிடக் கணிசமாக அதிகமாக இருக்கட்டும்.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகே படங்களைப் பார்க்கத் தொடங்குங்கள்.

விற்பனைப் பக்கத்தைப் படிக்கும் முறை

படங்கள் அளவைச் சொல்வதில்லை. விவரப் பட்டியலில் 'மொத்த உயரம்' என்பது சாய்மானத்தின் உச்சி வரையிலான உயரம். 'இருக்கை உயரம்' என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர். சில பக்கங்களில் அளவு அங்குலத்திலும் சிலவற்றில் சென்டிமீட்டரிலும் இருக்கும். ஓர் அங்குலம் 2.54 செ.மீ. என்பதை நினைவில் வைத்து ஒரே அளவைக்கு மாற்றி ஒப்பிடுங்கள். இருக்கை உயரமோ ஆழமோ குறிக்கப்படவில்லை என்றால் விற்பனையாளரிடம் எழுதிக் கேளுங்கள். விடை வராத பொருளை விட்டுவிடலாம்.

சாய்மானம் கீழ்முதுகின் இயல்பான உள்வளைவைத் தாங்க வேண்டும். அந்த வளைவு ஆளுக்கு ஆள் வேறு உயரத்தில் அமைவதால், மேலும் கீழும் நகர்த்தக்கூடிய தாங்கு பகுதி உள்ள நாற்காலி சிறந்தது. சாய்மானம் செங்குத்தாக நிற்பதைவிடச் சற்றே பின்னோக்கிச் சாய்வது முதுகுக்கு இதமளிக்கும். கைதாங்கிகளின் உயரத்தை மாற்ற முடிய வேண்டும். மிக உயர்ந்தவை தோள்களைத் தூக்கிக் கழுத்து வலியைத் தரும். அகற்ற முடியாத பெரியவை மேசை விளிம்பில் முட்டி உங்களை மேசையிலிருந்து விலக்கி வைக்கும். நம் ஊர் வெப்பத்துக்கு, காற்றுப் புகும் வலைத்துணிச் சாய்மானம் ரெக்சினைவிட ஏற்றது. தலைதாங்கியும் அலங்காரத் தையலும் இன்றியமையாதவை அல்ல.

'ஆர்த்தோபீடிக்', 'மருத்துவர் பரிந்துரைத்தது' போன்ற சொற்களைக் கண்டு மயங்க வேண்டாம். எந்த நாற்காலியும் நோயைக் குணப்படுத்துவதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் பணி நாற்காலிகளுக்கென ஐ.எஸ். 17631 என்னும் தரநிலையை வகுத்துள்ளது. அமெரிக்க அறைகலன் உற்பத்தியாளர் சங்கத்தின் 'பிஃப்மா' சோதனையையும் சில பக்கங்களில் காணலாம். இவை நாற்காலியின் உறுதிக்கும் பாதுகாப்புக்கும் சான்று தருபவை, மதிக்கத்தக்கவை. ஆனால் உங்கள் உடலுக்கு அது பொருந்துமா என்பதை உங்கள் அளவுத் தாள் மட்டுமே சொல்லும்.

வாங்கியோர் எழுதிய கருத்துகளில் உச்சி மதிப்பெண்களையும் அடிமட்ட மதிப்பெண்களையும் விட, நடுத்தர மதிப்பெண் அளித்தோரின் சொற்களே பெரும்பாலும் பயன்தரும். தம் உயரத்தைக் குறிப்பிட்டு எழுதியிருப்போரையும், சில மாதங்கள் பயன்படுத்திய பின் எழுதியிருப்போரையும் தேடிப் படியுங்கள்.

மேசையும் கணினியும்

சந்தையில் கிடைக்கும் மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. அளவு உயரமுடையவை. குட்டையானவர்களுக்கு இது மிகுதி. புதிய மேசை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை இருக்கையை உயர்த்தி, தொங்கும் பாதங்களுக்குக் கீழே அகலமான, அசையாத மரப்பீடம் ஒன்றை வைத்தால் போதும். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றாக இருப்பதால், ஒன்று சரியான உயரத்தில் இருந்தால் மற்றொன்று தவறான உயரத்தில் இருக்கும். தனி விசைப்பலகை ஒன்றை வாங்கி, மடிக்கணினியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, ஒரு கை நீளத் தொலைவில் வையுங்கள். இருபார்வைக் கண்ணாடி அணிவோர், தலையை அண்ணாந்து பார்க்க நேராதபடி திரையைச் சற்றுத் தாழ்த்தி வைக்க வேண்டும்.

சிலருக்குத் தனிக் கவனம் தேவை

இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு மேற்சொன்ன உயர விதி அப்படியே பொருந்தாது. முழங்கால் மட்டத்தைவிட இடுப்பு தாழாதவாறு சற்று உயர்ந்த, அழுத்தமான இருக்கை அவர்களுக்கு வேண்டும். எவ்வளவு உயரம் என்பதை உங்கள் அறுவை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். முழங்கால் மூட்டு மாற்றியவர்களுக்கும் எழும்போது ஊன்றிக்கொள்ள உறுதியான கைதாங்கிகள் இன்றியமையாதவை.

முதியோரும் ஊன்றுகோல் கொண்டு நடப்போரும் சக்கர நாற்காலிகளைப் போல உருளும் அலுவலக இருக்கைகளைத் தவிர்ப்பது நன்று. வழவழப்பான ஓட்டுத் தரையில், எழும் நொடியில் நாற்காலி பின்னோக்கி உருண்டால் விழ நேரிடும். சக்கரமில்லாத, நான்கு கால்களும் ஊன்றி நிற்கும் நாற்காலியே அவர்களுக்குப் பாதுகாப்பானது.

நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள், கூரிய விளிம்புள்ள பாதப்பீடங்களை வாங்க வேண்டாம். அழுத்தம் வலியாக உணரப்படாததால் புண் தோன்றியபின்தான் தெரியவரும். நாள்தோறும் பாதங்களைப் பார்க்கும் வழக்கத்தை அவர்கள் விடக்கூடாது.

வாங்கும் முன்னும் வந்து சேர்ந்த பின்னும்

பணம் செலுத்துமுன் திருப்பியனுப்பும் விதிகளைப் படியுங்கள். எத்தனை நாள் அவகாசம்? பணம் திரும்புமா, மாற்றுப் பொருள் மட்டும்தானா? பூட்டிப் பயன்படுத்திய பின்னும் ஏற்பார்களா? திருப்பியனுப்பும் வண்டிக் கூலி யாருடையது? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிய வேண்டும். 'பிடிக்கவில்லை', 'அளவு பொருந்தவில்லை' என்ற காரணங்களுக்காகத் திருப்ப முடியாது என்றிருந்தால், விலை குறைவாயினும் நோயாளிக்கு அது ஏற்ற இடமன்று.

வேலைக்குத் திரும்பும் நாளுக்கு முன்னரே பொருள் வந்துசேருமாறு வாங்குங்கள். பெட்டியைப் பிரிப்பதைக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அவகாசம் முடியும்வரை அட்டைப்பெட்டியை எறிய வேண்டாம். பெட்டியைத் தூக்குவதும் நாற்காலியைப் பூட்டுவதும் உடன் இருப்போரின் வேலை. முதுகு அறுவை முடிந்தவர் 'இது என்ன பெரிய வேலை' என்று குனிந்து தூக்கவே கூடாது. பூட்டிய நாள் முதல் திருப்பியனுப்பும் அவகாசத்துக்குள், நாள்தோறும் சிறிது நேரம் நோயாளியை அமரச் செய்து பாருங்கள். பாதம் ஊன்றுகிறதா, விரல்கள் நுழைகின்றனவா, தோள் தளர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பொருந்தவில்லை என்றால் தயங்காமல் அன்றே திருப்பியனுப்புங்கள். பரிசாகக் கொடுத்தவரின் மனம் வருந்துமே என்று வலியைப் பொறுத்துக்கொள்வது இருவருக்குமே நன்மையன்று.

குறைபாடுள்ள பொருள் வந்து விற்பனையாளர் செவிசாய்க்கவில்லை என்றால் வழி உண்டு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, இணைய விற்பனைத் தளங்கள் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையீடு செய்யவும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது.

நாற்காலியால் ஆகாதவை

எவ்வளவு பொருத்தமான நாற்காலியாயினும் அதில் இடைவிடாது அமர்ந்திருக்கக் கூடாது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள். கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளலாம். அல்லது தண்ணீர்ச் செம்பை வேறு அறையில் வைத்துவிட்டால் தாகமே எழுப்பிவிடும். அறுவைக்குப் பின் எத்தனை வாரங்களில் எவ்வளவு நேரம் அமரலாம் என்பது ஒவ்வொருவருக்கும் வேறுபடும். அதை உங்கள் மருத்துவரே வரையறுப்பார்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். கால்களில் பலவீனம் கூடிக்கொண்டே போதல், தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி மரத்துப்போதல், சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமை அல்லது சிறுநீர் பிரியாமை ஆகியவை நாற்காலியால் வரும் தொல்லைகள் அல்ல. நாற்காலியை மாற்றிப் பார்க்கலாம் என்று காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட அம்மையாருக்கு நாங்கள் புதிய நாற்காலி எதையும் பரிந்துரைக்கவில்லை. இருக்கையை மேசைக்கேற்ப உயர்த்தி, பாதங்களுக்கு மரப்பீடமும், ஆழத்தைக் குறைக்க முதுகுக்குப் பின்னால் கெட்டியான திண்டும் வைக்கச் சொன்னோம். இடையிடையே எழுந்து நடக்கவும், கற்றுக்கொடுத்த பயிற்சிகளை விடாமல் செய்யவும் அறிவுறுத்தினோம். மரத்துப்போதல் சில நாட்களில் நின்றது. வலி சில வாரங்களில் படிப்படியாகக் குறைந்தது. அடுத்த முறை வந்தபோது மகன் கையில் ஒரு தாள் இருந்தது. தன் தந்தைக்கும் நாற்காலி வாங்க வேண்டுமாம். அளவுகளை முன்பே எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

நீங்களும் அவ்வாறே எழுதிக்கொண்டு வாருங்கள். வாங்கும் முன் உங்கள் அளவுத் தாளையும் விற்பனைப் பக்கத்தின் விவரங்களையும் எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் காட்டினால், பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறோம்.