பந்தயக் காரும் அதை இழுக்கும் வண்டியும்

மோட்டார் பந்தயம் என்றதும் நம்மில் பலருக்குத் தொலைக்காட்சியில் பார்க்கும் ஃபார்முலா ஒன்தான் நினைவுக்கு வரும். கோடிக்கணக்கில் பணம், விமானத்தில் வந்து இறங்கும் கார்கள், சீருடை அணிந்த மெக்கானிக்குகள். அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. நான் எழுத வந்தது அமெரிக்காவில் சாதாரண மனிதர்கள் சொந்தக் காசைப் போட்டு ஓடும் பந்தயம் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தப் பந்தயத்திற்குப் போய்ச் சேரும் வழியில் அவர்கள் படும் பாட்டைப் பற்றி. ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் 1983-இல் சார்ஜ்மேனாகச் சேர்ந்து 2020-இல் ஓய்வு பெற்றவன் நான். இழுத்துச் செல்லப்படும் எதைக் கண்டாலும் என் கண் முதலில் அதன் சக்கரத்திற்குத்தான் போகும். அந்தப் பழக்கத்தால் விளைந்ததே இக்கட்டுரை.

ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா என்ற சங்கம் 1944-இல் தொடங்கப்பட்டது. அது ஆண்டுதோறும் நடத்தும் தேசிய சாம்பியன் போட்டிக்கு ‘ரன்ஆஃப்ஸ்’ என்று பெயர். முதல் போட்டி 1964-இல் கலிபோர்னியாவில் ரிவர்சைடு என்னும் களத்தில் நடந்தது. ஆண்டு முழுவதும் தத்தம் பகுதிப் போட்டிகளில் ஓடித் தகுதி பெற்றவர்களே இதில் கலந்துகொள்ளலாம். பதக்கமும் பெயரும்தான் பரிசு. பல் மருத்துவர், கடைக்காரர், ஆசிரியர், லேத் பட்டறைக்காரர் என்று எல்லோரும் வருகிறார்கள். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் இந்தச் சங்கத்தின் தேசியப் பட்டத்தை நான்கு முறை வென்றவர். அவரும் இங்கே அமெச்சூர்தான்.

1970 முதல் 1993 வரை இப்போட்டி ஜார்ஜியா மாநிலத்தில் ரோடு அட்லாண்டாவிலேயே நடந்தது. பிறகு இடம் மாறத் தொடங்கியது. 2014-இல் மேற்குக் கரையில் லகுனா செகா, அடுத்த ஆண்டே கிழக்கே ஃபுளோரிடாவில் டேடோனா. இரண்டுக்கும் இடையே நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பகுதியினர் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போவதைவிட நீண்ட பயணம் செய்தாக வேண்டும். பந்தயக் காருக்கு நம்பர் பிளேட் கிடையாது, பல கார்களில் முகவிளக்கும் கிடையாது. அதைச் சாலையில் ஓட்ட முடியாது. டிரெய்லரில் ஏற்றி, தன் சொந்த பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிறார்கள். நம் ஊரில் பந்தயக் கார்களை லாரியில் ஏற்றி அனுப்புவதுதான் வழக்கம் என்பதால் இந்தக் காட்சி நமக்குப் புதிது.

2024-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, அங்கிருந்து நூறு கிலோமீட்டர் தூரத்தில் எல்க்ஹார்ட் லேக் என்ற சிற்றூரின் அருகேயுள்ள ‘ரோடு அமெரிக்கா’ களத்தில் இப்போட்டி நடந்தது. ஆறரை கிலோமீட்டர் நீளமுள்ள களம். மருமகன் அழைத்துப் போனார். எல்லோரும் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் வரிசையாக நிறுத்தியிருந்த டிரெய்லர்களிடையே நடந்தேன். அங்கே கொலராடோவிலிருந்து வந்த ஒருவர் என்னுடன் பேச்சுக் கொடுத்தார். அறுபதைத் தாண்டியவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடையது ஃபார்முலா வீ என்னும் சிறிய பந்தய வண்டி. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் 1,200 சி.சி. எஞ்சினைப் பின்னால் வைத்துக் கட்டியது. ஓட்டுபவரையும் சேர்த்தே எடை சுமார் 465 கிலோதான்.

2013-இலும் அவர் இதே களத்திற்குத்தான் தகுதி பெற்றிருந்தார். குளிர்காலம் முழுவதும் எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தாராம். ஒவ்வொரு போல்ட்டையும் அளந்து முறுக்கினாராம். சனிக்கிழமை இரவு அயோவா மாநிலத்தில் டிரெய்லரின் இடது பின்சக்கரம் ஆக்சிலோடு இறுகிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையும் இல்லை. திங்கட்கிழமை ஹப் கிடைத்தது. ஆனால் ஆக்சில் முனையே உருகிப் பழுதாகிவிட்டதால் அதை மாட்ட முடியவில்லை. வேறு ஆக்சில் வர இரண்டு நாள் ஆயிற்று. இங்கே வாரத்தின் முற்பாதியில் தகுதிச் சுற்றுகள் நடக்கும், வார இறுதியில்தான் பந்தயம். அவர் வந்து சேர்ந்தபோது தகுதிச் சுற்றுகள் முடிந்திருந்தன. கொஞ்சமும் கெடாத பந்தய வண்டியை டிரெய்லரிலேயே வைத்துவிட்டு, கம்பி வேலிக்கு வெளியே நின்று பந்தயம் பார்த்தார்.

நம் ரயில்வேக்காரர்களுக்கு இது என்ன நோய் என்று சொல்லத் தேவையில்லை. ஹாட் ஆக்சில்! நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் பல சரக்கு வேகன்களில் பிளெயின் பேரிங்தான். எண்ணெய் வற்றினால் வெள்ளை உலோகம் உருகி, கழிவு நூல் கருகும் நாற்றம் யார்டு முழுவதும் அடிக்கும். கவனிக்காமல் விட்டால் ஆக்சிலின் முனை துண்டாகி வண்டி தடம் புரளும். பிறகு ரோலர் பேரிங் வந்தது, தொல்லை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் அறவே ஒழியவில்லை.

டிரெய்லரில் இருப்பதும் கூம்பு வடிவ ரோலர் பேரிங்தான். ஒவ்வொரு ஹப்பிலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவே கிரீஸ், உட்புறம் ஒரு ரப்பர் சீல். பந்தய டிரெய்லர் ஆண்டில் பத்துப் பதினைந்து முறைதான் ஓடும். மற்ற நாளெல்லாம் புல்தரையில் மழையிலும் பனியிலும் நிற்கும். நின்றே கெடும் சாமான் அது. தேய்ந்த சீல் வழியே ஈரம் புகுந்து, ரோலர் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் துருப்புள்ளி விழும். அந்தப் புள்ளி ஓடும்போது உரிந்து பொடியாகி, பொடி கிரீஸில் கலந்து, மற்ற ரோலர்களையும் அரைக்கும். சூட்டில் கிரீஸ் இளகி வெளியே ஓடிவிடும். அதற்குப் பிறகு நூறு கிலோமீட்டர்கூடத் தாங்காது.

இன்னொன்று சக்கரத்தின் அளவு. நம் சரக்கு வேகன் சக்கரத்தின் விட்டம் புதிதில் ஒரு மீட்டர். மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்திற்குச் சுமார் 400 சுற்று சுற்றும். டிரெய்லரின் பதினைந்து அங்குல டயர் வெளிவிட்டம் எழுபது சென்டிமீட்டருக்குள்தான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்திற்கு எழுநூற்றைம்பதுக்கு மேல் சுற்றுகிறது. கலிபோர்னியாவிலிருந்து விஸ்கான்சினுக்கு மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வருவதற்குள் கிட்டத்தட்ட பதினைந்து லட்சம் சுற்று. நான் ஒரு தாளில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். கொலராடோக்காரர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வேகன் வேறு, டிரெய்லர் வேறு என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. சரக்கு வண்டி ஓட்டுநருக்கும் நாற்பதாவது வேகனில் ஆக்சில் எரிவது தெரியாது. ஆனால் வண்டி கடந்து போகும்போது ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. கேட்மேன் பார்ப்பார். யார்டுக்குள் நுழைகையில் எங்கள் ஆட்கள் இருபுறமும் நின்று, உருளும் சக்கரங்களைக் கண்ணாலும் காதாலும் சோதிப்பார்கள். நின்றதும் ஒவ்வோர் ஆக்சில் பெட்டியின் வெப்பத்தையும் பார்ப்பார்கள். முன்பு புறங்கையால், பிற்காலத்தில் தொடாமலே வெப்பம் காட்டும் கருவியால். நெடுஞ்சாலையில் இவர்கள் யாரும் இல்லை. ஓட்டுநர் எட்டு மீட்டர் முன்னால் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறார். பின்னாலிருந்து புகை வருவதை யாராவது ஹாரன் அடித்துச் சொன்னால்தான் உண்டு. ஆகவே பழுத்த அனுபவசாலிகள் பெட்ரோல் போட நிறுத்தும் ஒவ்வொரு முறையும் டிரெய்லரைச் சுற்றி வந்து நான்கு ஹப்களையும் தொட்டுப் பார்க்கிறார்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் கையைச் சுட்டால் அங்கேயே கழற்ற வேண்டியதுதான். கிரீஸ் அடைத்துத் தயாராக வைத்த ஹப் ஒன்று, ஸ்பிளிட் பின் நாலைந்து, ஒரு ஜாக்கி. இவை கையில் இருந்தால் ஒரு மணி நேர வேலை. ஆக்சில் முனை உருகிய பிறகு பார்த்தால் கொலராடோக்காரர் கதைதான்.

பேரிங்குக்கு அடுத்தபடியாகப் பயணத்தைக் கெடுப்பது டயர். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறி, கடைசியில் அடுக்கடுக்காகப் பிய்ந்துவிடும். இரட்டை ஆக்சில் டிரெய்லரில் ஒன்று வெடித்தால் அதன் சுமை முழுவதும் அதே பக்கத்து மற்ற டயரின் மேல் விழும். உடனே தெரியாததால் ஓட்டுநர் மேலும் சில மைல் போவார்; அதுவும் வெடிக்கும். ஒரே ஒரு ஸ்டெப்னி வைத்திருப்பவர் அப்போது மாட்டிக்கொள்வார். பார்வைக்குப் பட்டன் தேயாமல் புதிது போலிருந்தாலும் ஐந்தாறு ஆண்டு வெயிலில் நின்ற டயரை நம்பி நீண்ட பயணம் போகக் கூடாது என்பது அங்கே எல்லோரும் ஒருமுகமாகச் சொன்ன விஷயம்.

சுமையை வைக்கும் இடமும் முக்கியம். டிரெய்லரின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் முன்புறக் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். பின்பாரம் அதிகமானால் டிரெய்லர் நாய் வாலைப் போல ஆடத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் வீச்சு கூடும். ஃபார்முலா வீ போலப் பின்னால் எஞ்சின் உள்ள வண்டியை மூக்கு முன்னால் பார்க்க ஏற்றினால் கனமெல்லாம் பின்னால் போய்விடும் என்பதால் சிலர் அதைத் திருப்பி ஏற்றுகிறார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால் முன்வண்டியின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டு, கைக்கு எட்டும் இடத்தில் தனியாக இருக்கும் டிரெய்லர் பிரேக்கை மட்டும் மெல்லப் போட வேண்டும். பின்னிருந்து பிடித்து இழுத்தால் வண்டி நேராகும். நம் சரக்கு வண்டியின் கடைசியில் பிரேக் வேன் இருந்ததன் பயன்களில் ஒன்றும் இதைப் போன்றதே.

கொக்கி கழன்றால் என்ன ஆகும்? ரயிலில் வாக்குவம் பிரேக்கானாலும் ஏர் பிரேக்கானாலும் ஹோஸ் பைப் பிரிந்தவுடன் இரு பகுதியிலும் பிரேக் தானாக விழுந்துவிடும். டிரெய்லரில் அந்த வேலையைச் செய்ய ஒரு மெல்லிய கம்பிக் கயிறும் ஒரு சின்ன பாட்டரியும் இருக்கின்றன. கயிறு ஒரு முளையைப் பிடுங்கியதும் பாட்டரி பிரேக்கைப் போடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த பாட்டரியைச் சோதித்துப் பார்ப்பவர் எத்தனை பேர் என்று கேட்டேன். பதிலாகச் சிரிப்புத்தான் வந்தது.

இனி இழுக்கும் வண்டி. நாலுபுறமும் மூடிய டிரெய்லர் என்பது காற்றில் நகரும் சுவர். மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 110-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்காகிறது. அதை வெல்லத் தேவைப்படும் சக்தியோ ஏறக்குறைய 1.8 மடங்கு. நெப்ராஸ்கா, அயோவா சமவெளிகளில் எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ளும். அதிகப்படியாக எரியும் எரிபொருளின் பெரும்பகுதி வெப்பமாகிறது. அது ரேடியேட்டரையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெயையும் தாக்குகிறது. எண்ணெய் கருகினால் உள்ளே கிளட்ச் தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் மேலும் சூடு. கியர்பாக்ஸ் போனால் சாலையோரத்தில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கியர்பாக்ஸ் எண்ணெய்க்கென்று தனியாக ஒரு கூலரைப் பொருத்தி, வெப்பமானியை முன்னால் வைத்திருப்பவர்களைக் கண்டேன். புத்திசாலிகள். டீசல் வண்டிகளில் இப்போது புதிய தொல்லை ஒன்று உண்டு. புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் ஊற்றுகிறார்கள். அதன் சென்சார் கெட்டால், எஞ்சின் நன்றாக இருந்தும் கம்ப்யூட்டர் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து நடை வேகத்திற்குக் கொண்டுவந்துவிடும். இதற்காகவே இருபது வருஷப் பழைய பிக்கப்பை விடாமல் வைத்திருப்பவர்கள் பலர்.

மலையிறக்கம் பற்றி ஒரு வார்த்தை. நம் கசாரா–இகத்புரி மலைப்பாதை 37 அடிக்கு ஓரடி. அதற்கே பின்னால் பேங்கர் எஞ்சின் வேண்டும், இறங்குமுன் பிரேக்கைச் சோதிக்க வேண்டும். அமெரிக்க மலை நெடுஞ்சாலைகளில் ஆறு சதவீதச் சரிவு சாதாரணம். அதாவது 17 அடிக்கு ஓரடி. மேலே ஏறும்போது எஞ்சின் கொதிக்கிறதே என்று கவலைப்படுபவர், இறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்திருக்கிறார். நம் மலைப்பாதைகளில் கேட்ச் சைடிங் இருப்பதைப் போல அங்கே பிரேக் இழந்த லாரிகளுக்குச் சரளைக்கல் நிரப்பிய மேட்டுப்பாதைகளை அமைத்திருக்கிறார்கள்.

வழியில் நின்றுவிட்டால் உதவிக்கு வரும் சங்கங்கள் உண்டு. ஆனால் அடிப்படைச் சந்தா பல நேரங்களில் காருக்கு மட்டுமே, டிரெய்லருக்குக் கிடையாது. சந்தாச் சீட்டைப் படிக்காமல் போனவர்கள் நள்ளிரவில்தான் அதைத் தெரிந்துகொள்கிறார்கள். அதனால் பலர் இருவர் மூவராகச் சேர்ந்தே கிளம்புகிறார்கள். ஒருவர் டிரெய்லர் நின்றாலும் காரை மற்றவர் டிரெய்லரில் இடித்துப் பிடித்து ஏற்றிக் களத்திற்குக் கொண்டுபோய்விடலாம். களத்தில் எதிராளியாக ஓடப்போகிறவரே வழியில் ஹப்பைக் கழற்றித் தருவது அங்கே சர்வ சாதாரணம் என்றார்கள். கொலராடோக்காரர் டிரெய்லரின் முன்பெட்டியைத் திறந்து காட்டினார். எண்ணெய்த் தாளில் சுற்றிய இரண்டு ஹப்கள் கிடந்தன. ஒன்று தனக்கு, மற்றொன்று வழியில் யாருக்காவது என்றார். அந்த ஆண்டு இரண்டாவதை நெப்ராஸ்காவில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, எல்க்ஹார்ட் லேக் வந்து புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தார்.