கொள்ளைநோயும் மக்கள் மனமும்

கொள்ளைநோய் ஒரு நகரிற் புகுங்கால் உடலை மாத்திரம் பற்றுவதன்று. நோயுற்றோர் சிலராயினும், அதனால் மனங் கலங்குவோர் பலர். உடலைப் பற்றிய நோய்க்கு வைத்தியர் மருந்து தேடுவர். மனத்தைப் பற்றிய அச்சமோ அவ்வைத்தியரையே பகைவராகக் காட்டிவிடும். இஃது எவ்வாறு நிகழ்கின்றதென்பதைப் பம்பாய் மாகாணத்துப் பிளேக் நோயின் வரலாறு நன்கு விளக்கும்.

1896-ஆம் ஆண்டு செப்டம்பரில், பம்பாய்த் துறைமுகத்தை யடுத்த மாண்டவிப் பகுதியில் டாக்டர் அக்காசியோ வியேகாஸ் என்பார் அந்நோயைக் கண்டறிந்தார். அதற்குக் காரணமான கிருமியை எர்ஸின் என்பவர் 1894-இல் ஹாங்காங்கிற் கண்டிருந்தார். ஆயினும், அதனை எலியினின்று மனிதனுக்குக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சியே யென்பதை ஸிமோந்த் என்பவர் காட்டியது 1898-இல்தான். ஆகவே முதலிற் பணியாற்றிய அதிகாரிகள் அழுக்கையும் நோயாளியின் உடைமைகளையுமே பெரிதும் ஐயுற்றனர். வீடுகளைச் சோதித்துக் கழுவினர், துணிமணிகளை எரித்தனர், நோயுற்றோரைப் பலவந்தமாக வைத்தியசாலைக்குக் கொண்டு சென்று, உறவினரைத் தனி முகாம்களில் வைத்தனர். 1897 பிப்ரவரியில் இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டம் இவற்றிற்கு மிகுந்த அதிகாரம் அளித்தது.

ஜனங்கள் இவற்றை வேறு விதமாக உணர்ந்தனர். வைத்தியசாலைக்குச் சென்றோருட் பலர் திரும்பவில்லை. நோய் முற்றிய பின்னரே அவர்கள் அங்குச் சேர்க்கப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். ஆனால், நோயாளிகளைக் கொன்று உடலினின்று தைலம் வடிக்கின்றார்களென்ற வதந்தியே எங்கும் பரவிற்று. 1896 அக்டோபரில் ஏறக்குறைய ஆயிரம் ஆலைத் தொழிலாளர் ஆர்தர் ரோடு வைத்தியசாலையைத் தாக்கினர். இலட்சக்கணக்கானோர் நகரை விட்டோடினர்; எஞ்சியோர் நோயாளிகளை ஒளித்துவைத்தனர். அச்சம் மறைவைப் பிறப்பித்தது. மறைவு நோயை வளர்த்தது. வளர்ந்த நோய் அச்சத்தை இரட்டித்தது. பூனாவிற் படைவீரர் வீடு புகுந்து சோதித்தமையால் மூண்ட சினத்தின் விளைவாக, 1897 ஜூன் 22-ஆம் நாள் இரவு பிளேக் அதிகாரி ராண்டு என்பவர் சுடப்பட்டார்.

அதே பூனாவில், கல்விப் பணியாற் புகழ்பெற்ற சாவித்திரிபாய் புலே அம்மையார் நோயாளிகளுக்குத் தொண்டு செய்து, அந்நோயினாலேயே 1897 மார்ச்சு 10-ஆம் நாள் உயிர் நீத்தார். பம்பாயில் அந்தந்தச் சமூகத்தார் தமக்கென வைத்தியசாலைகள் அமைக்க இடந்தந்தபோது, முன்னர் அஞ்சியோர் அவற்றை நாடினர். இரு சாராரிடத்தும் நோய் ஒன்றே, வேறுபட்டது நம்பிக்கை.

இவை பழங்கதை யென்று தள்ளத்தக்கன அல்ல. 2020-இற் கோவிட் நோய் பரவியபோது அந்த 1897-ஆம் ஆண்டுச் சட்டமே மீண்டும் எடுத்தாளப்பட்டது. அவ்வாண்டில், மருத்துவரையும் தாதியரையும் வாடகை வீட்டினின்று வெளியேறச் சொன்னோர் உளர். ஏப்ரலிற் சென்னையில், நோயால் மாண்ட மருத்துவர் ஒருவரை அடக்கஞ் செய்யவொட்டாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து தடுத்தது. அம்மாதமே அச்சட்டம் அவசரமாகத் திருத்தப்பட்டு, மருத்துவப் பணியாளருக்குக் கொடுங்காயம் விளைப்போர்க்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதிகாரிகளை வழக்கினின்று காக்க முன்னர் விதி செய்த சட்டம், பின்னர் மருத்துவரை மக்களிடமிருந்து காக்க வேண்டியதாயிற்று!

மருத்துவத் தொண்டரின் துயரம் இருமடங்கு. நாள்தோறும் மரணத்தைக் காண்பது ஒன்று. தாம் காக்கும் மக்களாலேயே ஒதுக்கப்படுவது மற்றொன்று. அக்கோவிட் நோயின் முதலாண்டில் மனக்கலக்கமும் மனச்சோர்வும் உலகெங்கும் ஏறத்தாழ 25 சதவீதம் பெருகினவென்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இற் கணித்தது.

இவற்றினின்று நாம் அறியத்தக்கது யாது? தனிமைப்படுத்தல் சில நோய்களில் இன்றியமையாததே; ஆனால் காரணங் கூறாது செய்யப்படின் அது தண்டனையாகவே தோன்றும். அறிந்ததை ஒளியாது உரைத்தல், நோயாளியின் செய்தியை உறவினர்க்கு நாள்தோறும் அறிவித்தல், இறந்தோரை மரியாதையுடன் அடக்குதல், தொண்டர்க்கு ஓய்வும் ஆதரவும் அளித்தல் ஆகிய இவை மருந்தோடொத்த சிகிச்சைகளாம். அந்நம்பிக்கையை நோய் வந்தபின் ஒரு நாளில் உண்டாக்கலாகாது. நோயில்லாக் காலத்திலேயே அயலாரோடு பழகியும், வதந்தியை ஆராயாது பரப்பாமலும், கற்றதை எளிய சொல்லில் எடுத்துரைத்தும் அதனை வளர்த்தல் கற்றோர் கடனாகும்.