பேட்டரி சைக்கிளும் பெடல் சைக்கிளும்: வாங்குகிறவர் மனம் எப்படி இருக்கிறது?

சைக்கிள் கடை வைத்திருக்கும் நம் சங்க உறுப்பினர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் இப்போதெல்லாம் ஒரே பேச்சுதான்: பேட்டரி சைக்கிளைக் கடையில் வைக்கலாமா, வேண்டாமா? கம்பெனிக்காரர்கள் விலைப்பட்டியலையும் வண்ணப் படங்களையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மாடலைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். வாங்குகிறவர் மனதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. திண்டுக்கல்லில் சைக்கிளும் உதிரிபாகமும் மொத்த வியாபாரம் செய்து வரும் நாம், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லாவில் உட்கார்ந்து காதில் வாங்கியவற்றையும், சில்லறைக் கடைக்காரர்கள் வந்து சொன்னவற்றையும் வைத்து இதை எழுதுகிறோம்.

முதலில் எது பேட்டரி சைக்கிள் என்பதில் தெளிவு வேண்டும். பெடலும் செயினும் இருந்து, கூடவே சிறு மோட்டார் பொருத்தியதைத்தான் இங்கே சொல்கிறோம். மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்தின் சான்றும் இருந்தால், நம் நாட்டு விதிப்படி அது மோட்டார் வாகனம் ஆகாது. நம்பர் பிளேட்டும் லைசென்சும் தேவையில்லை. சான்று நகல் இல்லாத சரக்கை, "லைசென்ஸ் வேண்டாம்" என்ற வாய்வார்த்தையை நம்பி இறக்கிவிடாதீர்கள். நாளைக்கு வண்டியைப் போலீஸ் நிறுத்தினால், வாங்கியவர் கம்பெனியைத் தேடிப் போக மாட்டார், நம் கடை வாசலுக்குத்தான் வருவார்.

நிற்க. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே ஜாதியல்ல. கடைக்கு வருபவர் எதற்காகப் பெடல் மிதிக்கிறார் என்று தெரிந்தால்தான், மோட்டாரைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதும் தெரியும்.

வயிற்றுப்பாட்டுக்காக மிதிப்பவரை எடுத்துக்கொள்வோம். டீ கேன் கட்டிக்கொண்டு போகிறவர், கோலமாவு விற்பவர், கீரைக்காரர் இவர்களெல்லாம் இன்றும் அதே கறுப்பு சைக்கிளில்தான் ஓடுகிறார்கள். பேட்டரி சைக்கிளை அதிக ஆசையோடு தொட்டுப் பார்ப்பவர்கள் இவர்கள்தான். கௌரவம், உடற்பயிற்சி என்ற பேச்சே இவர்களிடம் கிடையாது. "அண்ணாச்சி, பின்னாடி எவ்வளவு லோடு தாங்கும்?" இதுதான் முதல் கேள்வி. நாம் என்ன பதில் சொல்வது? கடைக்கு வருகிற மாடல்களில் பெரும்பாலானவற்றில் உருப்படியான கேரியரே இல்லை. விலை 25,000 ரூபாய்க்கு மேல். அவர் கையில் இருப்பதோ ஐயாயிரம், ஆறாயிரம். பெருமூச்சு விட்டுவிட்டு, பழைய சைக்கிளுக்கு ஒரு டயரும் டியூபும் வாங்கிக்கொண்டு போகிறார்.

அடுத்தவர் அதிகாலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருபவர். கியர் சைக்கிளுக்கு 50,000 ரூபாய் கொடுக்கத் தயங்காதவர். அவரிடம் பேட்டரி சைக்கிளைக் காட்டினால் முகம் சுளிக்கிறார். "இதுக்கு ஸ்கூட்டரே வாங்கிடலாமே!" என்கிறார். மிதிக்காமல் போவது ஏமாற்று வேலை என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் வெளிநாட்டிலும் உண்டு. 2016ல் பெல்ஜியத்தில் நடந்த உலக சைக்கிள் போட்டி ஒன்றில், ஒரு வீராங்கனைக்காக வைத்திருந்த சைக்கிளின் சட்டத்துக்குள் மோட்டார் ஒளிந்திருந்தது பிடிபட்டு, அவருக்கு ஆறு ஆண்டுகள் தடை விதித்தார்கள். அதே உலக சைக்கிள் சம்மேளனம் 2019ல் கனடாவில், மோட்டார் துணையுள்ள மலைச் சைக்கிளுக்கென்றே தனியாக உலகப் போட்டி நடத்தியது. ஒளித்து வைத்தால் குற்றம், சொல்லிவிட்டு ஓட்டினால் விளையாட்டு!

உடற்பயிற்சியே இராது என்பதும் முழு உண்மையல்ல. ஐரோப்பாவின் ஏழு நகரங்களில் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் நடத்தி 2019ல் வெளியான ஆய்வு ஒன்றில், பேட்டரி சைக்கிள்காரரின் உடலுழைப்பும் சாதாரண சைக்கிள்காரரின் உடலுழைப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. சிரமம் குறைவதால் அவர்கள் அதிக தூரம் போகிறார்கள் என்பதே காரணம். இந்தச் செய்தியைச் சொல்லியும் நம் காலை நேர நண்பர்கள் மசியவில்லை. கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளரோடு வாதாடி ஜெயிப்பதில் நமக்கு லாபம் ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டிய செயினையும் டியூபையும் கொடுத்து அனுப்புவதே வியாபாரம்.

ஆக, வேண்டும் என்பவரிடம் பணமில்லை, பணம் உள்ளவருக்கு வேண்டாம். பிறகு யார்தான் வாங்குகிறார்கள்? நாம் கவனித்தவரையில், ஒரு காலத்தில் சைக்கிள் ஓட்டி, இப்போது விட்டுவிட்டவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலிக்காரர், எதிர்க்காற்றையும் மேட்டையும் நினைத்தே சைக்கிளைத் திண்ணையில் சாய்த்து வைத்தவர். மொபெட் ஓட்டப் பயம், பிள்ளைகளை எதிர்பார்த்து நிற்கவும் மனமில்லை. கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் தானே போய்வர வேண்டும் என்ற வைராக்கியம் இருக்கிறது. ஜப்பானில் யமஹா கம்பெனி 1993ல் இந்த மாதிரி சைக்கிளை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோதும், வேகப் பிரியர்களுக்காகக் கொண்டுவரவில்லை. மிதிக்கிற காலுக்குத் துணையாகத்தான் மோட்டாரை வைத்தார்கள். ஜெர்மனியில் 2023ல் விற்ற புது சைக்கிள்களில் பாதிக்கு மேல் பேட்டரி சைக்கிள்.

அங்கேயும் இங்கேயும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஐரோப்பாவில் சைக்கிள் என்ற கணக்கில் வரவேண்டுமானால், பெடல் மிதித்தால்தான் மோட்டார் உதவ வேண்டும். நம் ஊர் மாடல்கள் பலவற்றில் கைப்பிடியில் திருகும் திராட்டிலும் உண்டு, மிதிக்காமலே போகலாம். இதனால்தான் நம் ஜனங்கள் இதைச் சைக்கிளாகப் பார்க்காமல் மெதுவாகப் போகும் ஸ்கூட்டராகப் பார்த்து, ஸ்கூட்டரோடு ஒப்பிட்டுக் குறை சொல்கிறார்கள். பெரியவர்களுக்கு ஓட்டிக் காட்டும்போது திராட்டிலைத் தொடாமல், பெடலை மிதிக்கச் சொல்லிக் காட்டுங்கள். யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுவது போல இருக்கிறது என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரித்த பிறகு அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நின்னு போச்சுன்னா யாரு பார்ப்பா?" பேட்டரி சைக்கிளை வேண்டாம் என்று திரும்பிப் போனவர்களில் பாதிப்பேராவது மோட்டார் பிடிக்காமல் போகவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல்தான் போனார்கள். சாதாரண சைக்கிளுக்குத் தெருமுனையில் ஆள் இருக்கிறார். பஞ்சர் ஒட்டுவார், கோட்டம் எடுப்பார், ஓவராயில் செய்து தருவார். பேட்டரி சைக்கிளைக் கண்டால் அவர், "கரண்ட் சமாச்சாரம் நமக்கு வேண்டாம்" என்று ஒதுங்குகிறார். உண்மையில் பஞ்சர் ஒட்ட வீலைக் கழற்றவே வேண்டியதில்லை. டியூப் மாற்றும்போதுதான் மோட்டார் ஒயரைப் பிரித்துவிட்டு வீலை இறக்க வேண்டும். ஒரு கம்பெனியிடம் கண்ட்ரோலர் பெட்டி கேட்டு நம்மை இரண்டு மாதம் காக்க வைத்தார்கள். அதுவரை வண்டி கடையிலேயே நின்றது. வாடிக்கையாளருக்குப் பதில் சொன்னது நாம்தான்.

1980ல் டி.வி.எஸ். 50 வந்தபோது, இனி சைக்கிளை யார் வாங்குவார் என்று நம் தகப்பனார் காலத்து வியாபாரிகள் கவலைப்பட்டார்கள். அதிலும் பெடல் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். பால்காரரும் துணி மூட்டைக்காரரும் அதற்கு மாறினார்கள். அந்த வியாபாரம் சைக்கிள் கடைக்கு வராமல் போனதற்கு, மொபெட் ரிப்பேரை நாம் கற்றுக்கொள்ளாததும் ஒரு காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2001-02ல் தொடங்கிப் படிப்படியாக விரிந்த இலவச சைக்கிள் திட்டத்துக்குப் பிறகு, பிளஸ் ஒன் மாணவர் நம்மிடம் ரிப்பேருக்கு மட்டுமே வருகிறார். மிஞ்சியிருப்பதையும் ஆன்லைன்காரர் வாசலிலேயே இறக்குகிறார். ஆனால் அவர் ஒயர் பிரிக்க வரமாட்டார்.

வரி விஷயத்தில் நமக்கு ஒரு மனக்குறை இருந்தது. 2019 ஆகஸ்டிலிருந்து பேட்டரி சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், ஏழை மிதிக்கும் சைக்கிளுக்கோ 12 சதவீதம்! 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டும் 5 சதவீதம் ஆகிவிட்டது. பேட்டரியைத் தனியாக விற்றால் மட்டும் 18 சதவீதம். பில் போடும்போது கவனம் தேவை.

பேட்டரி பற்றி மறைக்காமல் சொல்லி விற்பதே நல்லது. ஒரு சார்ஜுக்குக் கால் யூனிட் அளவுதான் மின்சாரம் ஆகும் என்பதைச் சொல்கிற நாம், சில நூறு சார்ஜுக்குப் பிறகு பேட்டரியின் தெம்பு குறையும், மாற்றுகிற செலவில் ஏறக்குறைய ஒரு சாதாரண சைக்கிளே வாங்கிவிடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலிவு என்று பெயர் தெரியாத பேட்டரியையும் சார்ஜரையும் விற்கவே கூடாது. நியூயார்க் நகரில் 2023ல் மட்டும் இவ்வகை பேட்டரிகளால் 268 தீ விபத்துகள் நடந்து 18 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வீட்டுக்குள், சார்ஜ் போடுமிடத்தில் வருகிற ஆபத்து இது. நம் கடையிலும் இரவில் சார்ஜில் போட்டுவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டுப் போகக்கூடாது.

நாம் இப்போது சில்லறைக் கடைக்காரர்களிடம், வண்டி எடுக்குமுன் அவரவர் தெருவிலுள்ள பஞ்சர் கடைக்காரரை ஒருநாள் நம் குடோனுக்கு அழைத்து வரச் சொல்கிறோம். ஒயரைப் பிரிப்பதும் மாட்டுவதும் அரைமணி நேரத்தில் பழகிவிடுகிறது. கண்ட்ரோலர், சார்ஜர், பிரேக் சுவிட்ச் ஆகியவற்றில் ஒவ்வொரு செட் நம் ஸ்டாக்கில் வைத்திருக்கிறோம். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளருடையது. ஆர்டர் கொடுக்கும்போதே யார் வந்து எடுப்பார்கள் என்பதைக் கம்பெனிக்காரரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.