வானொலி அன்பர்க்கு ஏற்ற பதிவேடு

மத்திய அரசின் தேர்வெழுதி உரிமம் பெற்றோர், ஊதியம் கருதாது நடத்தும் நிலையமே ஹாம் வானொலி. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது, போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த ஹாம் அன்பர்கள், பிற தொடர்புகள் அறுந்த நிலையில் செய்திகளை அனுப்பி உதவினர். அத்தகைய வேளையில், எச்செய்தி எவரிடமிருந்து எப்போது வந்தது என்பதற்குப் பதிவேடே சான்று. பண்பொழி போன்ற மலையடிவார ஊர்களில் நிலையம் அமைக்க விழையும் இளைஞர் இதனை முதற்கண் கற்றல் நலம்.

இன்று பதிவேடு கணிப்பொறிக்கு வந்துவிட்டது. போட்டிகளுக்கு 'என் 1 எம்.எம். லாகர் பிளஸ்' என்னும் மென்பொருள் ஏற்றது. முன்பே பேசிய நிலையத்தை அதே அலைத்தொகுதியில் மீண்டும் அழைக்க முற்பட்டால் எச்சரிக்கும். அன்றாட உரையாடலுக்கு அத்தனை வேகம் எதற்கு? 'லாக் 4 ஓ.எம்.' போதும். இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. விண்டோஸ் கணிப்பொறியில் இயங்குபவை. எதனைக் கொண்டாலும், பதிவுகளை 'அடிஃப்' என்னும் பொது வடிவில் பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்திடுக. மென்பொருளை மாற்றினாலும் பல்லாண்டுப் பதிவுகள் அழியா.

நேரத்தைக் குறிப்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். பதிவேட்டில் எழுதும் உலகப் பொதுநேரம் நம் நேரத்திற்கு 5 மணி 30 நிமிடம் பிந்தியது. விடியற்காலை 4 மணிக்குப் பேசியது, முந்திய நாள் இரவு 10.30 எனப் பதிவாதல் வேண்டும்.

சாரல் காலத்தில் மின்சாரம் நின்றால் எழுத, நோட்டும் பென்சிலும் அருகில் இருக்கட்டும்.