விழுந்த இடமும் இடறிய இடமும்

ஒரு ஆப் செத்தால் பெரிய விஷயமில்லை. அதன் தலைக்கு மேல் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் இருக்கிறது. அத்துமீறிய ஆப்பை நிறுத்தி, அது பிடித்துவைத்திருந்த மெமரியை மீட்டுக்கொண்டு, மற்ற வேலையைப் பார்க்கப் போய்விடும். கெர்னலே தடுக்கி விழுந்தால் தூக்கிவிட மேலே ஆளில்லை. லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் திரை உறைந்து, கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னினால் அது பெரும்பாலும் கெர்னல் பேனிக். உடனே எல்லோருக்கும் கை போவது பவர் பட்டனுக்கு. போகட்டும், ஆனால் திரையில் எழுத்து ஏதாவது தெரிந்தால் முதலில் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

பேனிக் என்றால் மொத்தமாக நின்றுவிட்டது. ‘ஊப்ஸ்’ என்று இன்னொன்று உண்டு, அதுதான் வில்லங்கம். அந்நேரம் ஓடிய புராசஸை மட்டும் கொன்றுவிட்டு, கெர்னல் சமாளித்து ஓடப் பார்க்கும். செத்த புராசஸ் ஏதோ ஒரு பூட்டைப் பூட்டியபடியே போயிருக்கலாம். திறக்க ஆளில்லாமல் அடுத்து வருகிறவை வரிசையில் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத டிஸ்க் பக்கத்திலிருந்து வேறொரு பிழை கத்தும். ஆகவே கெர்னல் எழுதிவைக்கும் பதிவில் ஐந்து பிழைகள் இருந்தால் நம்பவேண்டியது முதலாவதை. புகார் செய்கிறவர்களோ கடைசியில் உள்ளதைத்தான் அனுப்புவார்கள். திரையில் மிஞ்சியிருப்பது அதுதானே.

ரீபூட் செய்தபின், முந்தைய ஓட்டத்தின் கெர்னல் பதிவை ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளை எடுத்துத் தரும், அது டிஸ்க்கில் இறங்கியிருந்தால். இறங்காத சமயத்துக்காகத்தான் கேடம்ப். மெமரியில் ஒரு மூலையை முன்கூட்டியே ஒதுக்கி, அங்கே இரண்டாவது கெர்னல் ஒன்றைத் தயாராக வைத்திருப்பார்கள். பெரியது விழுந்ததும் சின்னது எழுந்து, விழுந்ததன் மெமரியை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைக்கும்.

பதிவு கையில் கிடைத்தால் முதலில் பார்க்கவேண்டியது முகவரி. ‘நல் பாயிண்டர்’ என்று சொல்லி, பக்கத்தில் 18 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது பதினாறடிமான எண். நம் கணக்கில் 24. மெமரியில் 24-ஆம் இடத்துக்குப் போ என்று யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். ஒரு ஸ்ட்ரக்சரின் தொடக்க முகவரி பூஜ்யமாக இருந்திருக்கிறது. அதன் 24-ஆவது பைட்டில் உள்ள ஃபீல்டைப் படிக்கப் போய் மாட்டியிருக்கிறது. எந்த ஃபீல்டு என்று தெரிந்துவிட்டால் பாதி வழக்கு முடிந்த மாதிரி. முகவரியில் 6பி 6பி 6பி என்று ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் கதை வேறு. பிழை தேடும் வசதியை இயக்கிய கெர்னல், திருப்பிக் கொடுத்த மெமரியை 6பி என்ற பைட்டால் நிரப்பிவைக்கும். கொடுத்துவிட்ட இடத்துக்கு யாரோ இன்னும் சொந்தம் கொண்டாடுகிறார்கள் என்று அர்த்தம்.

 இனிமேல்தான் விஷயம்.

யுஎஸ்பி சாதனம் ஒன்றைப் பிடுங்குகிறீர்கள். டிரைவர் அதன் மெமரியை விடுவிக்கிறது. ஆனால் முன்பே வைத்த டைமர் ஒன்றை நிறுத்த மறந்துவிட்டது. சற்று நேரத்தில் டைமர் அடிக்க, இல்லாத மெமரியைத் தொட்டு கெர்னல் விழுகிறது. பதிவில் பெயர் வருவது டைமர் ஃபங்ஷனுக்கு. தப்பு செய்தது பிடுங்கும்போது ஓடிய ஃபங்ஷன். டைமர் ஃபங்ஷனின் தலையில் ‘பாயிண்டர் காலியா பார்’ என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிட்டதுபோல் தெரியும். தினம் விழுந்தது மாதம் ஒருமுறை விழும். அப்படிப்பட்ட திருத்தம் திருத்தாமல் விடுவதைவிட மோசம் என்பேன்; தேட வந்தவருக்குத் தடயமும் போய்விடுகிறதே. உண்மையான திருத்தமும் ஒரே வரிதான்: மெமரியை விடுமுன் டைமரை நிறுத்தி, ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருக்கவேண்டும்.

நிரல் எழுதத் தெரியாதவரும் இதில் பெரிய உதவி செய்யமுடியும். பழைய பதிப்பில் ஓடியது, புதியதில் விழுகிறது என்றால், நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் தொடங்கிய கிட் கருவியில் ‘பைசெக்ட்’ இருக்கிறது. திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போய் வரிசையே அணைந்தால், எலெக்ட்ரீஷியன் நடுவில் டெஸ்டரை வைத்து எந்தப் பாதி என்று பார்ப்பார் அல்லவா, அதே வேலை. இரண்டு பதிப்புகளுக்கு இடையே 14,000 மாற்றங்கள் இருந்தாலும், சுமார் 14 முறை கெர்னலைக் கட்டி ஓட்டிப் பார்த்தால் ஒற்றை மாற்றத்தில் வந்து நிற்கும். ஒரு எச்சரிக்கை: எப்போதாவது மட்டும் விழும் கோளாறு என்றால், ‘இது நல்லது’ என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். ஒரு தவறான பதில் போதும், மீதித் தேடல் முழுக்க வேறு தெருவில் நடக்கும்.

புகாரில் கெர்னல் பதிப்பு, முதல் ஊப்ஸ் முழுவதுமாக, எப்படிச் செய்தால் திரும்ப விழுகிறது என்பது, இவ்வளவும் வேண்டும். அந்த ஊப்ஸில் ‘டெயின்டட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பி என்ற எழுத்து இருந்தால், மூலநிரல் திறக்காத டிரைவர் ஒன்று ஏறியிருக்கிறது. அது இல்லாமல் ஒருமுறை விழவைத்துக் காட்டும்படி கெர்னலைப் பராமரிப்பவர்கள் சொல்வார்கள். கோபப்படாதீர்கள், அவர்களால் படிக்கமுடியாத நிரலுக்கு அவர்கள் எப்படிப் பொறுப்பேற்பது? யாருக்கு அனுப்புவது என்பதை மூலநிரலோடு வரும் ‘மெயின்டெய்னர்ஸ்’ கோப்பு பகுதிவாரியாகச் சொல்லும்.

திருத்தம் தயாரானால், பிழையைக் கொண்டுவந்த பழைய மாற்றத்தின் அடையாள எண்ணில் முதல் 12 எழுத்துகளை ‘ஃபிக்சஸ்’ என்ற வரியில் குறிப்பார்கள். கண்டுசொன்னவர் பெயரும் பக்கத்திலேயே ஏறும். ‘ஃபிக்சஸ்’ வரியைப் பார்த்துத்தான் எந்தெந்தப் பழைய பதிப்புகளுக்குத் திருத்தத்தை அனுப்பவேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். முதலில் முதன்மைக் கிளை, பிறகு நிலையான பதிப்புகள், அதன்பின் உங்கள் உபுண்டுவோ ஃபெடோராவோ. அதுவரை பூட் ஆகும்போது வரும் மெனுவில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். வழக்கமாக அதை அழிக்காமல் வைத்திருப்பார்கள்.